எழுபது வளைவுகளும் நடந்து போகிறவர்களும்

காளப்பநாயக்கன்பட்டி தாண்டிக் காரவள்ளி வந்தால் சமவெளி முடிந்தது. அங்கிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். சனி, ஞாயிறுகளில் பைக்கில் வரும் இளைஞர்கள் அடிவாரத்தில் படம் எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். கொல்லிமலை என்றதும் பலருக்கும் இந்த எண்தான் நினைவுக்கு வருகிறது. அதே சாலையில் நடந்து போகிறவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை.

வளைவில் பேருந்து திரும்புவதை நின்று பாருங்கள். முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் வராது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். தலைச்சுமையோடு உள்விளிம்பில் ஒதுங்கி நிற்பவர் பாதுகாப்பான இடம் என்று நினைப்பாரே, அங்கேதான் அந்தச் சக்கரம் ஏறும். பள்ளத்துப் பக்கம் தடுப்புச் சுவர். அதற்கும் தாருக்கும் நடுவே ஆள் நிற்க இடமில்லை. மலைப்பக்கம் திறந்த வடிகால், அதில் சரிந்து விழுந்த கல்லும் மண்ணும். ஆகவே, நடப்பவர் தார்மேல்தான் நடந்தாக வேண்டும்.

இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. ஒதுங்கி நிற்கும் மனிதருக்கு வழிவிடுவதையும் அதே கண்டிப்போடு கேட்க வேண்டும். கீழ் கியரில் இறங்காமல் பிரேக்கையே மிதித்து வருகிறவருக்குப் பாதி மலையில் பிரேக் சூடேறிப் பிடிப்பு குறையும். அப்போது எதிரில் ஆள் வந்தால் ஓட்டுகிறவர் நினைத்தாலும் நிறுத்த முடியாது.

சோளக்காட்டில் சாலை சமமாகிறது, வண்டிகளுக்கு வேகம் பிறக்கிறது. சந்தையும் அங்கேதான். பைல் நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு என்று மலையில் 14 நாடுகள், அதாவது ஊர்த்தொகுதிகள். பலாவும் அன்னாசியும் வாழையும் மிளகும் அங்கிருந்தெல்லாம் சந்தைக்கு வருகின்றன. வாங்க வந்த வண்டிகள் ஓரத்தை அடைத்து நின்றுவிட்டால், மூட்டை தூக்குகிறவர் நடுச்சாலையில் நடக்கிறார்.

அடுத்து செம்மேடு. தாலுகா அலுவலகம், பள்ளி, பேருந்து நிலையம், வல்வில் ஓரி சிலை எல்லாம் இங்கே. மலையின் சிறு நகரம் என்றால் இதுதான். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு மிதிவண்டி தருகிறது. மலைச்சாலையில் ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளத்தான் வேண்டும். தள்ளுகிறவருக்கு நடப்பவரைவிட இரண்டு மடங்கு இடம் தேவை. ஆட்களும் வண்டிகளும் கலந்து போகும் தெருவில் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பள்ளி வாசலுக்கு முன்னும் பின்னும் வேகத்தடை மேடை போட்டாலே வேகம் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். பலகை மட்டும் நட்டால் குறையாது.

கோவை எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில், நடைபாதை உரிமை என்பது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த உரிமை மாநகரத்தோடு நின்றுவிடுவதில்லை, மலைக்கும் உண்டு.

செம்மேட்டிலிருந்து அறப்பளீசுவரர் கோயில் வரை சாலை வீடுகளையும் தோட்டங்களையும் ஒட்டிப் போகிறது. ஆடிப் பதினெட்டுக்குக் கூட்டம் பெருகும்போது வண்டிகளுக்கு இடம் ஒதுக்குகிறோம். கோயிலுக்கும் ஆகாய கங்கை அருவிப் படிக்கட்டுக்கும் நடந்து போகிறவர்களுக்குக் கயிறு கட்டியாவது தனிப்பாதை விட வேண்டும்.

மலையை வெட்டிச் சாலையை அகலப்படுத்தச் சொல்லவில்லை. அகலமானால் வேகம்தான் கூடும், மண்ணும் சரியும். மலைப்பக்கத்து வடிகாலைக் கழற்றி மாட்டக்கூடிய பலகைக்கல்லால் மூடினால் அதுவே நடைபாதை. மழைக்காலத்தில் கல்லைத் தூக்கி மண்ணை வாரிக்கொள்ளலாம். 70 வளைவிலும் வேண்டியதில்லை. சோளக்காடு, செம்மேடு, கோயில் வாசல், பள்ளிகள், பேருந்து நிற்கும் இடங்கள் போதும். கண் மறைக்கும் வளைவுகளில் குவிகண்ணாடி வேண்டும். நெடுஞ்சாலைத்துறை அடுத்த பராமரிப்பு மதிப்பீட்டிலேயே இதைச் சேர்க்க வேண்டும். ஊராட்சிகள் கிராம சபையில் தீர்மானம் போட்டுக் கேட்க வேண்டும்.