இலாபம் யாருக்கு?

காலை ஆறு மணிச் செய்தி ஐந்தே முக்காலுக்குள் தயாராக வேண்டும். வானொலியில் சேர்ந்து பத்து ஆண்டுகளாகியும் அந்த நேரத்துப் படபடப்பு எனக்குக் குறையவில்லை. செய்தி ஆங்கிலத்திலோ மலாய் மொழியிலோ வரும். அதைத் தமிழாக்கி வாசிப்பது என் வேலை.

2022-ஆம் ஆண்டு. கம்போடியாவிலும் மியன்மாரிலும் மோசடி மையங்களில் நம் நாட்டு இளையர்கள் சிக்கிக்கொண்ட செய்திகள் அடுத்தடுத்து வந்த நேரம். அன்று என் மேசைக்கு வந்த ஆங்கிலச் செய்தியில் ஒரே சொல் இரண்டு இடங்களில் இருந்தது: லூக்ரடிவ். இளையர்களுக்குக் காட்டப்பட்ட வேலையும் லூக்ரடிவ். அவர்களை அடைத்து வைத்த கும்பலின் தொழிலும் லூக்ரடிவ். அவசரத்தில் இரண்டுக்கும் 'இலாபகரமான' என்றே எழுதி வாசித்துவிட்டேன்.

அன்று மாலை என் சித்தி மகன் கிள்ளானிலிருந்து அழைத்தான்.

"அக்கா, காலையில லாபகரமான வேலைன்னு படிச்சீங்களே, அதுல எல்லாமே பொய்யா? சிலது உண்மையாவும் இருக்கும்தானே?"

கேட்ட விதமே எனக்குச் சரியாகப் படவில்லை. துருவிக் கேட்டதும் சொன்னான். வாட்ஸ்அப்பில் ஒரு வேலை வந்திருக்கிறது. வெளிநாட்டில் வாடிக்கையாளர் சேவை. அனுபவம் தேவையில்லை. விமான டிக்கெட்டும் தங்குமிடமும் இலவசம். மாதம் 8,000 வெள்ளி. அந்த ஆண்டு மே மாதம்தான் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளி ஆனது. கிடங்கில் மூட்டை தூக்கும் அவனுக்கு அதற்குமேல் அதிகம் கிடைக்கவில்லை. ஆசைப்பட்டதில் என்ன தவறு?

"ராத்திரி கூப்பிடுறேன், அதுவரைக்கும் ஒன்னும் பதில் போடாத" என்று மட்டும் சொன்னேன்.

பிறகு அகராதியை எடுத்தேன். நம்மில் பலர் 'லுக்ரேட்டிவ்' என்று நடுவில் அழுத்திச் சொல்கிறோம். அழுத்தம் முதல் அசையில்தான்: லூக்ரடிவ். இலாபம் எனப் பொருள்படும் 'லூக்ரம்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. வேலை, வியாபாரம், ஒப்பந்தம், சந்தை ஆகியவற்றோடு சேரும், ஆளோடு சேராது. பணக்கார அண்ணனை லூக்ரடிவ் அண்ணன் என்று சொல்ல முடியாது. 'ப்ராஃபிட்டபல்' என்பதை, பயனுள்ள ஒரு கலந்துரையாடலுக்குக்கூடச் சொல்லலாம். லூக்ரடிவ் பணத்தை மட்டுமே பேசும், அதுவும் நிறையப் பணத்தை. நம் பேச்சுத் தமிழில் 'பசையுள்ள வேலை' என்கிறோமே, ஏறக்குறைய அதுதான்.

அந்தப் பணம் நல்ல வழியில் வருகிறதா என்று இந்தச் சொல் கேட்காது. அதனால்தான் மருத்துவத் தொழிலுக்கும் அது பொருந்துகிறது, போதைப்பொருள் கடத்தலுக்கும் பொருந்துகிறது. தூண்டிலில் இருக்கும் புழுவுக்கும் அதே சொல், மீன் பிடிப்பவனின் கூடைக்கும் அதே சொல். நான் அந்த இரண்டையும் தமிழில் பிரித்துக் காட்டியிருக்க வேண்டும்.

என் பாட்டியின் அப்பா கங்காணியோடு கப்பலேறி மலாயாவுக்கு வந்தவர். 1910 வாக்கில் உலகச் சந்தையில் ரப்பர் விலை உச்சத்தில் இருந்தது. அன்றைக்கு லூக்ரடிவ் என்ற சொல்லுக்கு ரப்பரைவிடப் பொருத்தமான தொழில் இந்நாட்டில் இருந்திருக்குமா? ஆனால் அந்தப் பசை பங்கு வைத்திருந்தவர்கள் கையில் ஒட்டியது. விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டியவர்களின் கையில் ஒட்டியது மரத்துப் பால் மட்டும்தான். "தோட்டத்துல காசு இல்லைன்னு யார் சொன்னா? இருந்துச்சு. நம்மகிட்ட வரல" என்பாள் பாட்டி.

இரவு தம்பியை அழைத்தேன்.

"அந்த வேலையில காசு இருக்குடா. அது யாருக்குன்னு கேளு. கம்பெனியோட முழுப் பேரு, விலாசம், கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம், இது மூனும் அனுப்பச் சொல்லு. விசா என்ன விசான்னும் கேளு."

கேட்டிருக்கிறான். "இன்றைக்கே முடிவு சொல், இடம் போய்விடும்" என்று இரண்டு தடவை பதில் வந்ததாம். மூன்றாவது தடவை கேட்டதும் அந்த எண்ணிலிருந்து பதிலே இல்லை.

தம்பி இன்னும் கிள்ளானில்தான் இருக்கிறான். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டக் கற்றுக்கொண்டு, கொஞ்சம் கூடுதலாகச் சம்பாதிக்கிறான். யாரும் அதை லூக்ரடிவ் என்று சொல்லமாட்டார்கள். மாலையானால் வீட்டுக்கு வந்துவிடுகிறான். சித்திக்கு அது போதும்.

அதற்குப் பிறகும் அப்படிப்பட்ட செய்திகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. இப்போது நான் அந்தச் சொல்லுக்கு ஒரே தமிழ் எழுதுவதில்லை. இளையர்களுக்குக் காட்டப்படும் வேலை என்றால், 'கைநிறையச் சம்பளம் தருவதாகச் சொல்லப்பட்ட வேலை'. கும்பலின் தொழில் என்றால், 'கொள்ளை இலாபம் தரும் தொழில்'. வாசிக்க மூன்று நொடி கூடுதலாகிறது. ஆகட்டும்.