அல்புகெர்க்கியில் இறங்கியவர்

படம் தொடங்கிப் பெயர்கள் ஓடிக்கொண்டிருக்கும் வேளையை, இருக்கையைத் தேடுவதற்கும், முன்னால் உட்கார்ந்திருப்பவரின் காலை மிதிப்பதற்கும், வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரிப்பதற்கும் கொட்டகைக்காரர் மனமிரங்கி அளித்த அவகாசம் என்று கருதுகிற பெருங்கூட்டம் ஒன்று உண்டு. அந்தக் கூட்டத்தோடு எனக்குச் சமாதானம் ஏற்படப்போவதில்லை. வில்லியம் வைலர் 1958-இல் எடுத்த ‘தி பிக் கன்ட்ரி’ என்னும் படத்தில், ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடும் கதையைக் காட்டிலும் நான் அதிகமாக விரும்புவது, இவர்கள் காலை மிதித்துக்கொண்டிருக்கும் அந்த முதல் சில நிமிஷங்களைத்தான்.

அந்த நிமிஷங்களில் நடப்பது ஒன்றுமில்லை. ஒரு குதிரை வண்டி சமவெளியில் ஓடுகிறது, அவ்வளவே. சால் பாஸ் என்னும் சித்திரக்காரர் வகுத்துக் கொடுத்தபடி, ஒரு சமயம் சக்கரத்தின் ஆரங்கள் திரையை நிறைத்துச் சுழல்கின்றன. ஒரு சமயம் குளம்புகள் மட்டும் தெரிகின்றன. பிறகு அத்தனை ஆர்ப்பாட்டமும் பரந்த வெளியின் நடுவில் ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடுகிறது. இசையும் அவ்வாறே. மெட்டு எதுவும் வருவதற்கு முன்னால் பிடில்கள் எல்லாம் சேர்ந்து ஒரு சிறிய ஸ்வரக்கட்டைப் பற்றிக்கொண்டு மூச்சு விடாமல் சுழற்றுகின்றன. பித்தளைக் கருவிகள் தாளம் எதிர்பாராத இடங்களில் குறுக்கிட்டு இடிக்கின்றன. இனிமேல் தாங்காது என்ற நிலையில்தான், அந்தச் சுழற்சியின் மேல் நெடிய மெட்டு ஒன்று, அவசரமே இல்லாமல், எழுந்து பரவுகிறது. கீழே வேகம், மேலே விஸ்தாரம். ஓடுவது வண்டி, அசையாமல் கிடப்பது பூமி என்பதை இதைவிடத் தெளிவாக வாத்தியங்களைக்கொண்டு சொல்லிவிட முடியாது.

இதை எழுதியவர் ஜெரோம் மோராஸ். பிறந்தது 1913-இல், நியூயார்க் நகரத்துப் புரூக்ளினில். அதாவது, எதிர்வீட்டுச் சுவரே தொடுவானமாக இருக்கும் ஊரில். ஹாலிவுட்டில் அவர் வெகுகாலம் செய்த வேலை, பிறர் எழுதிய மெட்டுகளை வாங்கி, எந்த வரி பிடிலுக்கு, எந்த வரி குழலுக்கு என்று பிரித்து எழுதிக் கொடுப்பது. ஊரார் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல் போடுகிறவர் நிலைமைதான். வைலருடைய ‘தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ படத்தின் இசைக்கு ஹியூகோ ஃபிரீட்ஹோஃபர் ஆஸ்கார் விருது பெற்றாரே, அந்தப் பந்தலிலும் மோராஸின் கைவேலை உண்டு.

ஆனால் நான் சொல்ல வந்தது அவருடைய ஒரு பேருந்துப் பயணத்தைப் பற்றி. 1936-ஆம் ஆண்டு, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த மோராஸ், பேருந்தில் மேற்கே ஹாலிவுட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். வண்டி பெருஞ்சமவெளியை எட்டியதும் அவருக்கு நிலைகொள்ளவில்லை. நியூ மெக்ஸிகோவின் அல்புகெர்க்கியில், போக வேண்டிய இடம் இன்னும் வெகுதூரம் இருக்கையிலேயே, இறங்கிவிட்டார். மறுநாள் ஊரின் விளிம்புவரை சென்று, வீடுகள் முடிகிற இடத்தையும் தாண்டி, வெற்று நிலத்தில் நடந்தார். தொலைவில் மலைகள் வானத்தை மறித்து நிற்க, அந்த மகத்தான வெளியில் தாம் ஒருவரே தனியாக இருப்பதன் ஆனந்தத்தை அனுபவித்தார். இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து ‘தி பிக் கன்ட்ரி’ வந்தபோது, அந்தப் பிடில் சுழற்சியும் தொடக்க மெட்டும் ஏறக்குறையத் தாமாகவே கைக்கு வந்துவிட்டன என்று அவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

இந்த விருத்தாந்தத்தில் என்னை மிகவும் கவர்வது அந்த இறங்குதல்தான். அவருக்கு அந்த ஊரில் உறவில்லை. சமவெளியைப் பற்றிக் குறிப்பெடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. படமோ இன்னும் யார் மனத்திலும் இல்லை. உடன்வந்தவர்கள், பையன் ஏதோ மறந்துவிட்டு இறங்குகிறான் என்று எண்ணி மறுபடி கண்ணயர்ந்திருப்பார்கள். காரியார்த்தமாகச் சென்று நிலத்தைப் பார்த்து வருகிறவர்கள் கையில் அளவுகோலும் கணக்கும் கொண்டுவருகிறார்கள். அந்த நிலத்திலேயே பிறந்தவனுக்கோ அது தினந்தோறும் பல்லில் கடிபடும் புழுதி. காரியமும் இல்லாமல் பழக்கமும் இல்லாமல் ஒரு முற்பகல் அங்கே நடந்தவனுக்குத்தான் அது பாட்டாகக் கேட்டிருக்கிறது.

நிஜமான மாட்டிடையர்கள் பாடியதற்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இரவில் மந்தை மிரளாமல் இருக்கும்பொருட்டுக் குதிரைமேல் இருந்தபடியே மெதுவாகப் பாடிக்கொண்டு சுற்றிவருவது அவர்கள் வழக்கம். மோராஸின் வாத்திய கோஷ்டியை அங்கே கொண்டுபோய் வாசித்திருந்தால் விடிவதற்குள் ஒரு மாடுகூட மிஞ்சியிராது.

மேற்கத்திய வெளிக்கு வாத்திய கோஷ்டியில் குரல் கண்டுபிடித்தவர் என்று பொதுவாகக் கொண்டாடப்படுகிற ஆரன் கோப்லண்டும் புரூக்ளின்காரரே. ‘பில்லி தி கிட்’ என்ற நாட்டிய நாடகத்துக்கு 1938-இல் இசை எழுதியபோது, இடையர் பாட்டுப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு பாரிஸ் நகரத்துக்குப் போய்விட்டார். பிரெய்ரிப் புல்வெளி பிறந்தது பாரிஸ் தெரு ஒன்றில்! அவர் கையாண்ட உபாயம் நம்மவர்களுக்கு எளிதில் விளங்கும். மேல்நாட்டு ஸ்வரக்கூட்டில் ஸட்ஜமத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவே காந்தாரம் உட்கார்ந்துகொண்டு, இது இன்பம், இது துக்கம் என்று தீர்ப்புச் சொல்லும். அந்தக் காந்தாரத்தை எழுப்பிவிட்டால் மிஞ்சுவது தம்புராவின் ஸ-ப. அதில் தீர்ப்பு இல்லை. வெளி மட்டும் உண்டு. கிராமத்துப் பிடில்காரன் தந்திகளைச் சுருதி கூட்டும்போது தானாக எழும் ஒலியும் அதுவே.

பிறகு வந்தவர்களும் அசலூர்க்காரர்களே. ‘ஹை நூன்’ படத்துக்கு 1952-இல் இசையமைத்து, இசைக்கும் பாட்டுக்கும் இரண்டு ஆஸ்கார் விருதுகளை வாங்கிச் சென்ற டிமிட்ரி தியோம்கின், உக்ரேனில் பிறந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் சங்கீதம் பயின்றவர். ருஷ்யப் புல்வெளிக்கும் அமெரிக்கப் புல்வெளிக்கும் என்ன பேதம் என்று அவர் கேட்டதாக ஒரு கதை வழங்குகிறது. ரோமாபுரி எக்காளக்காரர் என்னியோ மோரிகோனேயைப் பற்றி நான் வேறு சொல்ல வேண்டியதில்லை. நிலத்துக்கு நிலம் பறையும் யாழும் வேறு என்று கருப்பொருளில் வகுத்துவைத்த தொல்காப்பியரிடம் இவர்களைக் கொண்டுபோய் நிறுத்தினால் முகத்தைச் சுளிப்பாரோ என்று ஒரு கணம் அஞ்சினேன். அஞ்ச வேண்டியதில்லை. மழைவளம் மிக்க மலைநாட்டை ஆண்ட சேரர் குடியில் தோன்றிய பெருங்கடுங்கோவைத்தானே நாம் ‘பாலை பாடிய’ என்னும் அடைமொழியோடு வழங்கிவருகிறோம்?

‘தி பிக் கன்ட்ரி’ படத்தின் நாயகனும் அந்த அசலூர்க்கார ஜாதிதான். கிரெகரி பெக் நடிக்கும் மக்கே ஒரு கப்பல் தலைவன்; கல்யாணம் செய்துகொள்ளக் கிழக்கிலிருந்து வந்தவன். இவ்வளவு பெரிய தேசத்தைக் கண்டதுண்டா என்று ஊரார் அவனைத் துளைத்தெடுக்க, ஓரிரண்டு சமுத்திரங்களைக் கண்டிருக்கிறேன் என்று அவன் அடக்கமாக விடையிறுக்கிறான். தண்ணீருக்காகச் சண்டையிடும் இரண்டு கிழவர்களுக்கிடையே அகப்பட்டுக்கொள்ளும் அவனைவிட, என் மனத்தில் நிற்பது இறுதியில் வரும் ஒரு காட்சி. அந்தக் கிழவர்களில் ஒருவரான மேஜர் டெரில், தன்னை எல்லோரும் கைவிட்டபின், சாவை நோக்கிப் பள்ளத்தாக்கினுள் தனியாகக் குதிரையில் செல்கிறார். சற்று நேரத்தில், அவரோடு மாறுபட்டு நின்ற லீச், கோபம் தணியாத முகத்தோடு வந்து பக்கத்தில் சேர்ந்துகொள்கிறான். பின்னாலேயே மற்றவர்களும் வருகிறார்கள். யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. விசுவாசம் எவ்வளவு மூடத்தனமாகவும் எவ்வளவு கம்பீரமாகவும் இருக்கக்கூடும் என்பதை, ஒவ்வொரு குதிரைக்கும் ஒருபடி ஏறுவதுபோல வளரும் அந்த இசைதான் சொல்கிறது.

அந்த ஆண்டு ஆஸ்கார் விருதுக்கு மோராஸின் பெயரும் இருந்தது. கிடைக்கவில்லை. அதைப் பெற்றுக்கொண்டவர் தியோம்கின். படமோ ‘தி ஓல்ட் மேன் அண்ட் தி ஸீ’. சமவெளிகளுக்குப் பாட்டெழுதிப் பேர்பெற்றவர் கடலைப் பாடி ஜெயிக்க, கப்பல்காரனுடைய கண்ணால் சமவெளியைக் காட்டிய படம் தோற்றுப்போயிற்று. நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் என்று அந்தக் கடல் சங்கீதத்தையும் சிரத்தையாகக் கேட்டுப்பார்த்தேன். குறை சொல்லும்படி ஒன்றுமில்லை. ஆனால் மறுநாள் சவரம் செய்துகொள்ளும்போது வாயில் வந்தது மோராஸின் மெட்டுத்தான்.