நிறத்துக்கு எடுக்காது

"பாப்பா நிறத்துக்கு அது எடுக்காதும்மா. சந்தனக் கலர் பாருங்க, இல்லன்னா ரோஸ்."

திருவண்ணாமலையில் நாட்டிய டிரெஸ் வாடகைக்கு விடும் கடை. அக்கா மகள் ஒன்பதாவது படிக்கிறாள். 2022-ல் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய கலைத் திருவிழாப் போட்டியில் பரதம் ஆடப்போகிறாள். அவலூர்பேட்டையிலிருந்து பஸ் ஏறும்போதே "அரக்குதான் சித்தி" என்று சொல்லிவிட்டாள். கடைக்காரம்மா சொன்னதும் ஒன்றும் பேசவில்லை. கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

அந்த மறைப்பு எனக்குத் தெரியும். எட்டாவதில் எனக்கும் சந்தனக் கலர்தான் மாட்டிவிட்டார்கள். கொஞ்சம் வெளுப்பாகத் தெரிவேனாம். போட்டோவைப் பார்த்தால் நேர்மாறாக இருக்கிறது. வெளிர் துணிக்குப் பக்கத்தில் கை இன்னும் கருப்பாகத் தெரிகிறது. இத்தனை வருஷமாக இது யாருக்குமே கண்ணில் படவில்லையா?

உண்மையில் பார்க்க வேண்டியது வேறு. அரைமண்டியில் உட்காரும்போது முன்னால் விசிறி விரியும். உடம்புத் துணியும் பார்டரும் வேறு வேறு நிறமாக இருந்தால்தான் அந்த விரிப்பு கடைசி வரிசைக்குத் தெரியும். அப்புறம் பின்னால் கட்டும் பேனர். எங்கள் பக்கத்துப் பள்ளி மேடைகளில் பெரும்பாலும் நீல ஃபிளெக்ஸ்தான். மயில்கழுத்து நிறத்தில் போய் நின்றால் ஆள் அதிலேயே கரைந்துவிடுவாள். நிறம் தேர்ந்தெடுக்கத் தோலைப் பார்ப்பதைவிட பேனரைப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

இந்தத் தைத்த உடையே ஒன்றும் ஆதிகாலத்தது இல்லை. 1935-ல் அடையாறில் ருக்மிணி தேவி மேடையேறிய காலத்தில்தான் கோயில் சிற்பங்களைப் பார்த்து இப்படி வடிவமைக்கத் தொடங்கினார்கள். பாலசரஸ்வதி புடவையில்தான் ஆடினார். அப்போதும் யாராவது "எடுக்காது" என்று சொல்லியிருப்பார்களோ என்னவோ.

எங்கள் ஊர்ப்பக்கம் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. செஞ்சிக்குப் பக்கத்தில் மேலச்சேரி. அங்கிருக்கும் திரௌபதி அம்மனைத்தான் தாய்க்கோயில் என்பார்கள். பாரதத்தில் திரௌபதிக்கு இன்னொரு பெயர் கிருஷ்ணை, கருப்பி என்று அர்த்தம். அக்னி வசந்த விழா வந்தால் இந்தச் சீமையே அவள் காலில் விழும். ஆனால் நான் சின்ன வயதில் பார்த்த கூத்துகளில் திரௌபதி வேஷம் கட்டியவர் முகத்தில் ரோஸ் பவுடர். சாமியையே வெளுக்க வைத்தவர்கள் எங்களை விடுவார்களா?

"அரக்கே குடுங்கம்மா, பச்சை பார்டர்" என்றேன். குரல் கொஞ்சம் உசந்துவிட்டது போல. கடைக்காரம்மா முகம் சுருங்கியது. பாவம், அவங்களும் என்னை மாதிரி நிறம்தான். அளவு பார்த்து, இடுப்பில் ரெண்டு தையல் போட்டு, "நாளைக்கி சாயங்காலத்துக்குள்ள திருப்பிக் குடுத்துடணும்" என்று அட்வான்ஸ் வாங்கிக்கொண்டார்.

போட்டி நாளில் மேக்கப் போட வந்த அக்கா, நான் டீ குடிக்கப் போன நேரத்தில் வேலையை முடித்திருந்தார். முகம் வெள்ளை, கழுத்துக்குக் கீழே எங்கள் வீட்டு நிறம். நடுவில் ஒரு கோடு. சரி செய்ய நேரமில்லை, பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். நீல பேனருக்கு முன்னால் அரக்கு நன்றாக எரிந்தது.

இரண்டாம் இடம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துக் கர்ச்சீப்பை நனைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். சேத்துப்பட்டு தாண்டியும் துடைத்துக்கொண்டிருந்தாள்.