சமயநல்லூரில் ஓர் இரவு... வேனுக்கும் வேண்டும் சார்ஜ்!

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் நான்குவழிச் சாலையில், நகர நெரிசல் குறைந்து வயலும் தென்னையும் தெரியத் தொடங்கும் ஊர் சமயநல்லூர். கன்னியாகுமரி முதல் ஸ்ரீநகர் வரை செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44 இந்த வழியாகத்தான் போகிறது. கட்டில், குட்டி ஃப்ரிட்ஜ், ஃபேன் என வேனையே வீடாக்கிக்கொண்டு கிளம்பும் குடும்பங்களுக்கு இது வசதியான இடம். சித்திரைத் திருவிழா சமயத்தில் பெரிய வண்டியோடு மதுரைக்குள் நுழைவது பெரும்பாடு. வண்டியை இங்கே நிறுத்திவிட்டு பஸ்ஸில் போய் வரலாம்.

இரவில் ஃபேன் ஓட வேனில் தனி பேட்டரி இருக்கும். விடுதியிலோ உறவினர் வீட்டிலோ ப்ளக் பாயின்ட்டிலிருந்து வயர் இழுத்து அதைச் சார்ஜ் செய்ய வேண்டும். துறைமுகத்தில் நிற்கும் கப்பலுக்குக் கரையிலிருந்து மின்சாரம் கொடுப்பதுபோலத்தான். ‘ஷோர் பவர்’, அதாவது கரை மின்சாரம் என்ற பெயரே அப்படி வந்ததுதான்.

சார்ஜர் வாங்கும்போது முதலில் உங்கள் பேட்டரி எந்த வகை என்று பாருங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் இருப்பதுபோல டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் பேட்டரி என்றால், நிறைந்ததும் தானாகவே சுமார் 13.5 வோல்ட்டுக்குக் குறையும் சார்ஜர் தேவை. குறையாவிட்டால் தண்ணீர் வற்றி, பேட்டரி சீக்கிரம் கெடும். லித்தியம் பேட்டரிக்கு, லித்தியத்துக்கென்றே குறிப்பிட்ட சார்ஜர்தான் சரி.

அடுத்தது ஆம்பியர். 150 ஏ.ஹெச். இன்வெர்ட்டர் வகை பேட்டரிக்கு 15 ஆம்பியர் சார்ஜர் போதும். பாதி தீர்ந்த பேட்டரி இரவுச் சாப்பாட்டு நேரத்தில் போட்டால் விடிவதற்குள் ஏறிவிடும். இது இழுப்பது சுமார் 250 வாட், மூன்று சீலிங் ஃபேன் அளவு. சாதாரண 6 ஆம்பியர் ப்ளக்கே தாங்கும். மாலையில் வோல்டேஜ் இறங்கும் ஊர்களுக்கும் போவீர்கள் என்றால், 160 வோல்ட்டிலும் வேலை செய்யும் சார்ஜராகக் கேட்டு வாங்குங்கள்.

ப்ளக்கில் எர்த் இருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருட்டி வைக்காமல் முழுதாக விரித்துவிடுங்கள், சுருளுக்குள் சூடேறும். தண்ணீர் ஊற்றும் பேட்டரி சார்ஜ் ஆகும்போது தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயு வரும். அதைப் படுக்கைக்கு அடியில் மூடி வைக்காமல், காற்று வெளியே போக வழி விடுங்கள். குழந்தைகள் தூங்கும் இடம் அல்லவா?

106 மெகாவாட் மின் நிலையம் அமைந்த ஊர் இது. நமக்கு ஓர் இரவுக்குத் தேவை ஒன்றரை யூனிட்தான். ஆனாலும் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுச் சொருகுங்கள். கிளம்பும்போது அதற்கான காசையும் கொடுத்துவிடுங்கள்.