பதினேழாவது நிமிஷம்

மார்கோ மெட்டராஸின்னு சொன்னா ஹாஸ்டல்ல எல்லாருக்கும் ஒரே ஒரு சீன்தான் ஞாபகம் வரும். 2006 உலகக் கோப்பை ஃபைனல். ஜிடேன் திரும்பி வந்து நெஞ்சுல முட்டுறாரு, இவரு கீழ விழுறாரு. போன வாரம் எங்க ரூம்ல அந்த வீடியோ மறுபடியும் ஓடுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு மட்டும், அதுக்குப் பதினேழு நாள் முன்னாடி நடந்த வேற ஒரு விஷயம் மனசுல ஓடிக்கிட்டு இருந்தது.

அந்த ஃபைனல்ல மெட்டராஸி இறங்கியிருக்கவே வேண்டியதில்ல. அந்த இடம் அலெசாண்ட்ரோ நெஸ்டாவோட இடம்.

நெஸ்டாவை எனக்கு அறிமுகப்படுத்தினது என் பெரியப்பா மகன். என்னைவிட ரெண்டு வயசு மூத்தவன். எங்க ஊரு திருவேங்கடம். சங்கரன்கோவில் பக்கம், கரிசல் காடு. கபடிக்கும் வாலிபாலுக்கும் இருக்கிற மவுசு எங்க பக்கம் ஃபுட்பாலுக்குக் கிடையாது. அறுவடை முடிஞ்ச காட்டுல ரெண்டு கல்லை வச்சு கோல் போஸ்ட் ஆக்கி விளையாடுவோம். மழை பெஞ்சா கரிசல் மண் காலை விடாது, ஆளுக்கு அரைக் கிலோ மண்ணைச் சுமந்துக்கிட்டு ஓடணும். எல்லாப் பயலுகளும் மெஸ்ஸி, ரொனால்டோன்னு பேர் வச்சுக்கிட்டு முன்னாடி ஓடுவானுங்க. அண்ணன் மட்டும் பின்னாடி நிப்பான். "நான் நெஸ்டாலே"ம்பான். யாருக்கும் அது யாருன்னு தெரியாது.

யார்னு இப்போ சொல்றேன். 1976-ல ரோம் நகரத்துல பிறந்தவர். அதே ஊர் லாசியோ கிளப்ல வளர்ந்து, அதுக்கே கேப்டன் ஆனார். 2000-ல லாசியோ இத்தாலி லீக்கை ஜெயிச்சப்போ கேப்டன் அவர்தான். 2002-ல ஏ.சி.மிலானுக்குப் போனார். அங்க பத்து வருஷம் ஆடினார், மால்டினி பக்கத்துலயும் நின்னு ஆடினார். 2003-லயும் 2007-லயும் சாம்பியன்ஸ் லீக் கோப்பை. 2003 ஃபைனல் யுவென்டஸ் கூட, கோலே விழல. பெனால்டி ஷூட்-அவுட்ல மிலான் போட்ட மூணு கோல்ல ஒண்ணு நெஸ்டாவோடது. இத்தாலிக்காக 78 மேட்ச்.

ஆனா இந்தக் கணக்கெல்லாம் ஒரு டிஃபென்டரைப் பத்தி என்ன சொல்லும்? கோல் அடிச்சவனுக்குக் கணக்கு இருக்கு. அடிக்க விடாதவனுக்குக் கணக்கு கிடையாது. நெஸ்டா ஆடின பழைய வீடியோ எதையாவது எடுத்துப் பாருங்க. பாதி நேரம் அவர் பந்தைத் தொடவே மாட்டார். எதிராளி எந்தப் பக்கம் திரும்பணும்னு நினைக்கிறானோ அந்தப் பக்கம் ஏற்கனவே நிப்பார். அப்படியும் தரையில சறுக்கிப் போக வேண்டி வந்தா, பந்து மட்டும் வரும், ஆள் மேல கால் படாது. அண்ணன் அதை ஆயிரம் தடவை பார்த்திருப்பான்.

இவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கு உலகக் கோப்பை மட்டும் ஒத்தே வரல. 1998-ல ஆஸ்திரியா கூட மேட்ச், ஆரம்பிச்சதுமே முழங்கால் போச்சு. 2002-ல குரோஷியா மேட்ச்ல மறுபடியும் காயம். அவருக்குப் பதிலா உள்ள வந்தவர்தான் மெட்டராஸி. இத்தாலி ஒரு கோல் முன்னாடி போயும், கடைசியில 2-1னு தோத்தது. மூணாவது தடவை, 2006 ஜூன் 22, செக் குடியரசு கூட. பதினேழாவது நிமிஷம் நெஸ்டா தொடையைப் பிடிச்சுக்கிட்டு வெளிய போறார். மறுபடியும் மெட்டராஸி உள்ள வர்றார். ஒன்பது நிமிஷத்துல கார்னர்ல இருந்து வந்த பந்தைத் தலையால முட்டி கோல் போடுறார்.

அதுக்கப்புறம் நடந்தது நேரான கதையும் இல்ல. அடுத்த மேட்ச்ல ஆஸ்திரேலியா கூட சிவப்பு அட்டை வாங்கினார். காலிறுதியில ஆட முடியல. ஃபைனல்ல இவர் மேல விசில் ஊதித்தான் பிரான்சுக்கு பெனால்டி கிடைச்சது. பத்தொன்பதாவது நிமிஷம் இவரே முட்டி அதைச் சமன் பண்ணார். ஜிடேன் விஷயம் அதுக்கப்புறம். ஷூட்-அவுட்லயும் இவர் பெனால்டி உள்ள போச்சு. அந்த ஏழு மேட்ச்லயும் சேர்த்து இத்தாலி வாங்கினது ரெண்டே கோல். ஒண்ணு சேம் சைட் கோல், இன்னொண்ணு அந்த பெனால்டி.

நெஸ்டாவும் அந்த டீம்ல ஒருத்தர், அவரும் உலகச் சாம்பியன்தான். ஆனா ஃபைனல்ல வெளிய உட்கார்ந்து பார்த்தார்.

இப்போ எங்க ஊர்க் கதைக்கு வர்றேன். நான் ப்ளஸ் ஒன் முடிச்ச லீவு. மே மாசம் பக்கத்து ஊர்ல ஒரு டோர்னமென்ட். அண்ணன்தான் ஸ்டாப்பர். நானும் அதே இடத்துக்குத்தான் பழகினேன், அதனால எப்பவும் வெளியதான். அவன் இருக்கிற வரைக்கும் எனக்கு அந்த இடம் கிடைக்காதுன்னு தெரியும். செமி ஃபைனல்ல ஒரு ஹை பாலுக்கு எம்பினவன், இறங்கும்போது கால் திருகி விழுந்தான். அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு.

எல்லாரும் ஓடினாங்க. நானும் ஓடினேன். ஆனா ஓடும்போது என் மனசுல முதல்ல வந்தது "ஐயோ அண்ணன்" இல்ல. "இனி நான் இறங்கலாம்"கிறதுதான். ஒரு செகண்டுதான் இருக்கும். ஆனா வந்தது.

என் கால்ல அன்னைக்குக் கேன்வாஸ் ஷூதான். வலியில பல்லைக் கடிச்சுக்கிட்டே அண்ணன் தன் பூட்ஸைக் கழட்டச் சொன்னான். "போட்டுக்கோல. சைஸ் ஒண்ணுதான்" என்றான். அந்தப் பூட்ஸோடதான் செமி ஆடினேன், மறுநாள் ஃபைனலும் ஆடினேன். ஜெயிச்சோம். கோப்பையோட எடுத்த போட்டோவுல அண்ணன் இல்ல. திருநெல்வேலியில ஸ்கேன் எடுக்கப் போயிருந்தான். முழங்கால் ஜவ்வு கிழிஞ்சிருக்கு, ஆபரேஷன் பண்ணணும்னாங்க. வீட்டுல அதுக்குப் பணம் புரட்ட முடியல. நடக்கிறதுக்குப் பிரச்சினை இல்ல, ஓடினாத்தான் கால் வழுக்கும்.

அவன் இப்போ சிவகாசியில ஒரு அச்சகத்துல வேலை பார்க்கிறான். நான் இங்க மூணாம் வருஷம், காலேஜ் டீம்ல ஸ்டாப்பர். அவன் காலைப் பத்தியோ அந்த மேட்ச்சைப் பத்தியோ இத்தனை வருஷத்துல நாங்க ஒரு வார்த்தை பேசினது கிடையாது. லீவுக்குப் போனா பரீட்சை, ஹாஸ்டல் சாப்பாடு, சினிமான்னு எல்லாம் பேசுவோம். ஃபுட்பால் மட்டும் வராது.

அந்த வீடியோ ஓடின ராத்திரி எனக்கு 2014 ஞாபகம் வந்தது. ஐ.எஸ்.எல். ஆரம்பிச்ச முதல் வருஷம். நான் சின்னப் பையன். சென்னையின் எஃப்.சி.க்கு கோச்சாவும் ஆட்டக்காரராவும் வந்தவர் அதே மெட்டராஸி. சீசன் கடைசியில அவர் யாரைக் கூட்டிட்டு வந்தார் தெரியுமா? நெஸ்டாவை. கனடாவுல மான்ட்ரியல் கிளப்போட 2013-லயே ஓய்வு வாங்கிட்டுப் போனவரை, 38 வயசுல, மறுபடி பூட்ஸ் மாட்ட வச்சார். அண்ணன் தெருவெல்லாம் கத்திக்கிட்டு ஓடினான்: "ஏலே, நெஸ்டா மெட்ராஸுக்கு வாராருலே!" சங்கரன்கோவில்ல பொதிகை ஏறினா விடிஞ்சா மெட்ராஸ்னு கணக்கெல்லாம் போட்டான். யாரு கூட்டிட்டுப் போவா? டி.வி.யிலதான் பார்த்தோம்.

நெஸ்டா இங்க ஆடினது விரல் விட்டு எண்ணிடலாம், அவ்வளவு கொஞ்சம். செமி ஃபைனல்ல கேரளா கூட கொச்சியில 3-0னு தோத்துட்டு வந்து, டிசம்பர் 16 அன்னைக்கு நேரு ஸ்டேடியத்துல அந்த மூணு கோலையும் திருப்பிப் போட்டாங்க. கூடுதல் நேரத்துல, 117-வது நிமிஷம் பியர்சன் அடிச்ச கோல்ல எல்லாம் போச்சு. அடுத்த வருஷம், வெள்ளத்தால சொந்த ஊர் செமி ஃபைனலைப் புனேவுல ஆட வேண்டி வந்தும், மெட்டராஸி அதே டீமுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். அப்போ நெஸ்டா இல்ல.

மெட்டராஸி எதுக்கு நெஸ்டாவைக் கூப்பிட்டார்னு எனக்குள்ள நானே ஒரு காரணம் கட்டிக்க மாட்டேன். டீமுக்கு ஒரு டிஃபென்டர் தேவைப்பட்டிருக்கும், அவ்வளவுதான். ஆனா யாரோட இடத்துல ரெண்டு உலகக் கோப்பையில போய் நின்னாரோ, அவரையே தன் டீமுக்குக் கூப்பிட்டார். கூப்பிடுறது ஒரு காரியம்னு அன்னைக்கு ராத்திரிதான் எனக்கு உறைச்சது. நான் அண்ணனை ஒரு தடவை கூடக் கூப்பிடல.

மறுநாள் போன் பண்ணேன்.

"அண்ணே, பொங்கலுக்கு நம்ம ஊர்ப் பயலுகளுக்கு ஒரு டீம் போடலாம்னு இருக்கேன். நீ வரணும்."

"கால் வராதுல."

"நெஸ்டாவுக்கு முப்பத்தெட்டு வயசுண்ணே."

"அவரு நெஸ்டாலே" என்று சிரித்தான்.

அதுக்கப்புறம் சொல்லிட்டேன். "அன்னைக்கு நீ விழுந்தப்போ, ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமா இருந்துச்சுண்ணே."

அந்தப் பக்கம் மெஷின் ஓடுற சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்புறம் சொன்னான்: "தெரியும்ல. ஓடி வரும்போது உன் மூஞ்சியைப் பார்த்தேன்லா." கொஞ்சம் விட்டு, "அதுக்குத்தான் பூட்ஸைக் கொடுத்தேன். ஆடணும்னு வெறி இருக்கிறவன் கால்ல இருக்கட்டும்னு. இருக்கா அது?"

"இருக்குண்ணே. அடி பிஞ்சு போச்சு."

"கொண்டா, தச்சுக்கலாம்."

பொங்கலுக்கு வந்தான். ஓடல. செருப்புக் காலோட கோல் போஸ்ட் பக்கத்துல நின்னுக்கிட்டு ஆறாப்பு, ஏழாப்புப் பயலுகளைக் கத்திக்கிட்டே இருந்தான்: "அவன் காலைப் பாக்காதல, பந்தைப் பாரு! பந்தைப் பாரு!"

எனக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தது அவன்தான்.