ரிச்மண்ட் பூங்காவிலிருந்து வோக்கிங் பள்ளிவாசல் வரை



மிதிவண்டிப் பயணத்தைப் பற்றி ஒரு மதரஸா ஆசிரியர் எழுதுவதா என்று சிலர் வியக்கக்கூடும். சென்ற ஆண்டு வரை நாமும் அப்படித்தான் வியந்திருப்போம். எமது ஞாயிறு வகுப்பில் பயின்ற ஒரு பிள்ளையின் பொருட்டே இந்தப் பயணம் அமைந்தது. ஆகவே பாதையைப் பற்றிச் சொல்வதற்கு முன் அந்தப் பிள்ளைக்கு நாம் செய்ததைச் சொல்லிவிடுகிறோம்.

அவனுக்கு வயது பதினைந்து. ஜுஸ்உ அம்மவை மனனம் செய்து முடிக்கும் தறுவாயில் இருந்தான். இரண்டு வாரங்கள் தொடர்ந்து தாமதமாக வந்தான். கால்சட்டையில் சேறு, கையில் தலைக்கவசம். முப்பது பிள்ளைகள் அமர்ந்திருந்த வகுப்பில், "உனக்கு அந்தச் சைக்கிள்தான் கிப்லாவா?" என்று கேட்டுவிட்டோம். வகுப்பே சிரித்தது. நாமும் சிரித்தோம் என்பதே உண்மை. அன்று முதல் பிள்ளைகள் அவனை அந்தப் பெயராலேயே அழைத்திருக்கிறார்கள். அது எமக்குத் தெரிய வந்தபோது அவன் மதரஸாவுக்கு வருவதை நிறுத்தி நான்கு மாதங்கள் ஆகியிருந்தன.

நபி (ஸல்) அவர்கள் தம் துணைவியார் ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் வைத்த வரலாற்றை ஆண்டுதோறும் பாடமாக நடத்துகிறவர்கள் நாம்.

அவனுடைய தந்தை ஒருநாள் பள்ளிவாசலில் எம்மைச் சந்தித்தார். குறை எதுவும் சொல்லவில்லை. "ஹஜ்ரத், ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை வோக்கிங் பள்ளிவாசலுக்குச் சைக்கிளில் போகிறோம். நீங்களும் வந்தால் நன்றாக இருக்கும்" என்று மட்டும் கூறினார். பாதையை வகுத்தவன் மகன்தான் என்றும் சொன்னார். மறுக்க எமக்கு வாய் வரவில்லை.

தந்தை, மகன், தந்தையின் நண்பர் ஒருவர், நாம் என நால்வர். எமக்கு ஒரு பழைய கனத்த வண்டி இரவலாகக் கிடைத்தது. ஜுப்பாவை மடித்துச் சொருகிக்கொண்டு, வாகனத்தில் ஏறும்போது ஓதும் துஆவை ஓதி, காலை எட்டு மணிக்கு ரிச்மண்ட் வாயிலில் மிதிக்கத் தொடங்கினோம். மொத்தத் தொலைவு ஏறக்குறைய 35 கிலோமீட்டர். "கஸ்ர் உண்டா?" என்று நண்பர் கேட்டார். ஏறக்குறைய 80 கிலோமீட்டரை எட்டாத பயணத்தில் தொழுகையைச் சுருக்க இயலாது என்று விளக்கினோம். அன்றைய நாளில் எமக்கு நன்கு தெரிந்த செய்தியாக இருந்தது அது ஒன்றே.

ரிச்மண்ட் பூங்கா என்றதும் ஊஞ்சலும் சறுக்குமரமும் உள்ள இடத்தை எண்ண வேண்டாம். 2,500 ஏக்கர் பரப்புள்ள புல்வெளியும் காடும் அது. முதலாம் சார்லஸ் மன்னர் வேட்டைக்காக 1637ஆம் ஆண்டு சுற்றுச்சுவர் எழுப்பி வளைத்த நிலம். இன்றும் அங்கே 600க்கும் மேற்பட்ட மான்கள் மேய்கின்றன. ஜூன் மாதத்தில் கலைமான்களின் கொம்புகள் இன்னும் முற்றாமல், மென்மையான தோல் போர்த்தியபடி வளர்ந்துகொண்டிருக்கும். மரங்களின் கீழ்க்கிளைகள் எல்லாம் கத்தரியால் நறுக்கியதுபோல் ஒரே மட்டத்தில் நிற்பதைக் கண்டு, தோட்டக்காரர்களின் உழைப்பைப் பாராட்டினோம். "மான்கள் கழுத்தை நீட்டி எட்டும் உயரம் வரைக்கும் தின்றுவிடும், ஹஜ்ரத்" என்றான் பிள்ளை. அன்று அவன் எம்மிடம் பேசிய முதற்சொல் அதுவே. பல நூற்றாண்டு வயதுடைய ஓக் மரங்களின் பொந்துகளிலிருந்து பச்சைக்கிளிகள் கீச்சிட்டுப் பறந்தன. நம் ஊர்க் கிளிகளேதாம்; எப்படியோ இங்கே குடியேறிப் பெருகிவிட்டன.

பூங்காவின் மேட்டில் ஹென்றி மன்னர் குன்று என்றொரு மண்மேடு உண்டு. வண்டியிலிருந்து இறங்கி நடந்துதான் செல்ல வேண்டும். அங்கிருந்து பத்து மைல் தொலைவிலுள்ள செயின்ட் பால் தேவாலயத்தின் குவிமாடம் மரங்களின் இடைவெளி வழியே தெரிகிறது. அந்தக் காட்சி மறையாதிருக்கச் சட்டப் பாதுகாப்பே இருக்கிறது.

எமது மனத்தில் தங்கியது வேறொரு செய்தி. 18ஆம் நூற்றாண்டில் பூங்காவின் பொறுப்பிலிருந்த இளவரசி அமீலியா பொதுமக்களை உள்ளே விடவில்லை. ஜான் லூயிஸ் என்ற உள்ளூர்க்காரர் வழக்குத் தொடுத்து 1758இல் வென்றார். மதுபானம் வடிக்கும் தொழிலர்தாம். அந்தத் தொழில் நமக்கு உகந்ததன்று, ஆயினும் மனிதரின் உறுதியைச் சொல்லத்தான் வேண்டும். தீர்ப்பின்படி சுவரின் மீது ஏணிகள் வைக்கப்பட்டன. ஆனால் படிகளை வேண்டுமென்றே அகல அகலமாக வைத்தார்கள். குழந்தைகளும் முதியவர்களும் ஏற இயலாத ஏணி எதற்கு என்று அவர் மீண்டும் நீதிமன்றத்தில் முறையிட்டுப் படிகளை நெருக்கமாக வைக்கச் செய்தார். இதைப் பிள்ளை சொல்லக் கேட்டபடி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். இடையில் ஒன்றும் பேசவில்லை.

கிங்ஸ்டன் பாலத்தைக் கடந்ததும் தேம்ஸ் ஆற்றோரப் பாதை. இடப்புறம் ஆறு, வலப்புறம் வேலிக்கு அப்பால் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையின் பூங்கா. மேடு பள்ளமில்லாத பாதை; சிறு பிள்ளைகளை அழைத்துச் செல்வோருக்கு இதுவே மிக ஏற்றது. அரண்மனையிலிருந்து வெய்பிரிட்ஜ் வரையிலான தொலைவை எமது முழங்கால்கள் மட்டுமே நினைவில் வைத்திருக்கின்றன. ஒவ்வொரு வாயிலிலும், ஒவ்வொரு பாலத்தடியிலும் பிள்ளை காத்து நின்றான். நாம் அருகில் வந்ததும் மீண்டும் ஏறி மிதித்தான். சலிப்பைக் காட்டவில்லை. வகுப்பில் பாடம் வராமல் தடுமாறும் பிள்ளைகளுக்காக நாம் அப்படிக் காத்திருந்த நாள்களை எண்ணிப் பார்த்தோம். விரல்விட்டு எண்ணிவிடலாம்.

வெய்பிரிட்ஜிலிருந்து வேய் ஆற்றுக் கால்வாய் தொடங்குகிறது. 1653இல் திறக்கப்பட்ட நீர்வழி. குதிரைகள் கரையில் நடந்து படகுகளை இழுத்த பாதையில்தான் இன்று மிதிவண்டிகள் செல்கின்றன. பாதை குறுகலானது, நடப்போருக்கே முதலுரிமை. மணியை ஒலித்து, வேகத்தைக் குறைத்து, நன்றி சொல்லிச் செல்வது இங்குள்ள வழக்கம். எம்26 அன்று, எம்25 நெடுஞ்சாலை தலைக்கு மேலே இரைந்துகொண்டிருக்க, அதன் அருகிலேயே பேசிங்ஸ்டோக் கால்வாய் பிரிகிறது. அங்கிருந்து படகுகளைப் படிப்படியாக மேலேற்றும் ஆறு மதகுகள். அவற்றைக் கடந்த சிறிது நேரத்தில் எமது பின்சக்கரம் காற்றிழந்தது.

பிள்ளை வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தான். சக்கரத்தைக் கழற்றி, டியூபை உருவி, கால்வாய் நீரில் அமிழ்த்திக் குமிழி எழும் இடத்தைத் தேடினான். மற்ற இருவரும் முன்னே போயிருந்தார்கள். அவன் முகத்தைப் பாராமல் பேச முடிந்தது எமக்கு எளிதாக இருந்தது.

"தம்பி, அன்று வகுப்பில் நாம் சொன்னது தவறு. உன்னை எல்லார் முன்னிலையிலும் இழிவுபடுத்திவிட்டோம். எம்மை மன்னித்துவிடு" என்றோம்.

அவன் கைகள் ஒரு கணம் நின்றன. பிறகு துளையின் மேல் விரலை வைத்தபடி, "அந்த ஒட்டை எடுத்துத் தாருங்கள், ஹஜ்ரத்" என்றான். கொடுத்தோம். ஒட்டினான். காற்றடிக்கும்போது, "எல்லாரும் சிரித்ததுகூடப் பரவாயில்லை. நீங்கள் சிரித்தீர்கள்" என்றான். எம்மிடம் பதில் இல்லை.

லுஹர் நேரம் ஆகியிருந்தது. பள்ளிவாசல் சிறிது தொலைவில்தான் இருக்கிறது, அங்கே போய்த் தொழலாம் என்றோம். நடைபயிற்சி செய்வோர் வந்துபோகும் பாதை அது, எமக்குக் கூச்சம். "இங்கேயே தொழுதால் என்ன?" என்றான் அவன். மற்ற இருவரும் திரும்பி வந்து சேர்ந்தார்கள். வண்டியிலிருந்த தண்ணீர்ப் புட்டியைக் கொண்டு ஒளுச் செய்தோம். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத் நீரில், அதாவது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு நீரில் ஒளுச் செய்தார்கள் என்று எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்திருக்கிறோம். குழாயை மூடி வைத்து நாமே செய்து பார்த்தது அன்றுதான். திசையைப் பிள்ளைதான் பார்த்துச் சொன்னான். இங்கிலாந்தில் கிப்லா தென்கிழக்கு. "கிப்லா இந்தப் பக்கம்" என்று அவன் கை நீட்டியபோது எம்மால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது ஒரு முதிய தம்பதியர் நாயைப் பிடித்தபடி சற்றுத் தொலைவில் நின்றிருந்தார்கள். நாங்கள் முடிக்கும்வரை கடக்காமல் காத்திருந்திருக்கிறார்கள்.

வோக்கிங்கை நெருங்கும்போது, ஹார்செல் காட்டுவெளியின் ஓரத்தில் செங்கல் சுவரும் குவிமாட வாயிலும் கொண்ட சிறு தோட்டம் ஒன்று உண்டு. இதைக் காணாமல் பள்ளிவாசலுக்குப் போய்விடாதீர்கள். முதல் உலகப்போரில் காயமுற்று இங்கிலாந்து மருத்துவமனைகளில் மரணித்த இந்திய முஸ்லிம் வீரர்களை அடக்குவதற்காக 1917இல் கட்டப்பட்ட மையவாடி இது. அவர்கள் மார்க்க முறைப்படி அடக்கப்படுவதில்லை என்று ஜெர்மனி பரப்புரை செய்ததும் இது எழுந்ததற்கு ஒரு காரணம். 1960களின் இறுதியில் உடல்கள் புரூக்வுட் மையவாடிக்கு மாற்றப்பட்டன. 2015இல் இந்த இடம் அமைதித் தோட்டமாகத் திறக்கப்பட்டது. இங்கே அடங்கியிருந்த 27 பேரின் நினைவாக 27 இமயமலை பூர்ச்ச மரங்கள் நிற்கின்றன. கல்லில் பெயர்கள் உள்ளன. பிள்ளை அவற்றை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தான். அரபுப் பெயர்களின் எழுத்தொலிகள் பிசகவில்லை என்பதை எமது செவி தன்னையறியாமல் கவனித்தது. துஆ செய்துவிட்டுப் புறப்பட்டோம்.

ஷாஜஹான் பள்ளிவாசல் படங்களில் தோன்றுவதைவிடச் சிறியது. வெண்சுவர்கள், பச்சைக் குவிமாடம், உச்சியில் பிறை. போபால் அரசி ஷாஜஹான் பேகம் அவர்களின் பொருளுதவியுடன், ஹங்கேரியில் யூதக் குடும்பத்தில் பிறந்த அறிஞர் லைட்னர் 1889இல் கட்டினார். பிரிட்டனில் பள்ளிவாசலாகவே எழுப்பப்பட்ட முதற்கட்டடம் இதுதான். குர்ஆனை ஆங்கிலத்தில் பெயர்த்த பிக்தால், அப்துல்லாஹ் யூசுஃப் அலீ இருவரின் கப்ருகளும் அருகிலுள்ள புரூக்வுட்டில்தான் இருக்கின்றன. எமது கால்கள் அதற்குமேல் இசையவில்லை. அஸரை ஜமாஅத்துடன் தொழுது, வண்டிகளை ரயிலில் ஏற்றித் திரும்பினோம். நெரிசல் நேரத்தைத் தவிர்த்தால் வோக்கிங்கிலிருந்து வண்டியுடன் வருவதில் சிரமமில்லை.

பிள்ளை இன்னும் ஞாயிறு வகுப்புக்கு வரவில்லை. நாமும் வா என்று சொல்லவில்லை. வகுப்பில் அன்று சிரித்த பிள்ளைகளிடம், தவறு எம்முடையது என்று சொல்லிவிட்டோம். அதைச் சொல்வது கால்வாய்க் கரையில் சொன்னதைவிடக் கடினமாக இருந்தது.

சென்ற வாரம் அவனுடைய தந்தை தொலைபேசியில் அழைத்தார். "ஹஜ்ரத், அடுத்த சனிக்கிழமை பாக்ஸ் ஹில்லுக்குப் போகலாமா என்று மகன் கேட்கிறான்." 2012 ஒலிம்பிக் போட்டியில் ஆடவர் ஒன்பது முறை ஏறிச் சுற்றிய குன்று அது. எமது முழங்கால்களை எண்ணித் தயங்கினோம். பின்னாலிருந்து பிள்ளையின் குரல் கேட்டது: "மெதுவாக ஏறலாம் என்று சொல்லுங்கள், அத்தா. வளைவுக்கு வளைவு நான் நிற்கிறேன்."

வண்டியின் டயரை மாற்றக் கொடுத்திருக்கிறோம்.