நடக்கவும் கார் வேண்டும்

மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள், “கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன்” என்றேன். மருமகன் கார் சாவியை எடுத்தார். “வாங்க மாமா, நடக்கிற இடத்துல இறக்கிவிடறேன்.”

கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். டெட்ராய்ட்டின் புறநகரான நோவையில் அப்போது ஜனவரிப் பனி. பனி இல்லாவிட்டாலும் இதே கதைதான் என்றார். குடியிருப்புத் தெருக்கள் வளைந்து வளைந்து தமக்குள்ளேயே சுற்றுகின்றன. அவற்றைத் தாண்டினால் டென் மைல், ட்வெல்வ் மைல் என்று தூரத்தையே பெயராகக் கொண்ட சாலைகள். கூடவே வரும் நடைபாதை திடீரென்று புல்வெளியில் காணாமல் போகிறது.

வழியெங்கும் ‘ஸ்ட்ரிப் மால்’கள். மாடியில்லாத ஒரு நீளக் கட்டடம். அதில் சலவைக் கடை, சலூன், பல் டாக்டர், தவறாமல் ஒரு பீட்ஸா கடை. முன்னால், கடைகளை விடப் பெரிய பார்க்கிங்.

பீட்ஸாவுக்குத் தாய்வீடு இத்தாலி. ஆனால் பெட்டியில் பயணம் போகும் பீட்ஸா இந்த மிச்சிகன் மண்ணில் வளர்ந்த பிள்ளை. 1959இல் மைக் இலிச், மரியன் இலிச் தம்பதி லிட்டில் சீசர்ஸின் முதல் கடையைத் திறந்தது கார்டன் சிட்டியில், இதே மாதிரி ஒரு ஸ்ட்ரிப் மாலில்தான். மறு வருஷம் இப்சிலாண்டியில் டாம் மோனகன் தன் சகோதரர் ஜேம்ஸோடு சேர்ந்து ஒரு சிறு பீட்ஸா கடையை வாங்கினார். சில மாதங்களிலேயே ஜேம்ஸ் தன் பங்கை விட்டுக்கொடுத்து, பதிலுக்கு ஒரு ஃபோக்ஸ்வாகன் காரைப் பெற்றுக்கொண்டு விலகினார். கார் செய்யும் சீமையில் அது நியாயமான பேரமாகத்தான் தெரிந்திருக்கும்! அந்தக் கடைதான் 1965இல் டோமினோஸ் ஆனது. 30 நிமிடத்தில் வீட்டுக்கு வரும் என்ற அதன் வாக்குறுதி, விபத்து வழக்குகளுக்குப் பின் 1993இல் கைவிடப்பட்டது.

டோமினோஸ் வாசலுக்கு வரும்; லிட்டில் சீசர்ஸை வெகுகாலம் நாம் போய்த்தான் வாங்கி வர வேண்டியிருந்தது. நான் பார்த்த கடைகளில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேச நாற்காலி இல்லை.

இந்தக் குறையைத் தீர்க்க நினைத்தவர் விக்டர் க்ரூயன். நாஜிகளுக்குத் தப்பி வியன்னாவிலிருந்து வந்த கட்டடக் கலைஞர். புறநகர்வாசிகளுக்கு ஒரு நகரச் சதுக்கம் வேண்டும் என்று, பக்கத்து சவுத்ஃபீல்டில் 1954இல் திறக்கப்பட்ட நார்த்லேண்ட் வணிக வளாகத்தை வடிவமைத்தார். இரண்டு வருஷம் கழித்து மினசோட்டாவின் ஈடைனாவில், முழுக்கக் கூரை போட்ட சவுத்டேல். சதுக்கத்தைச் சுற்றி வீடும் பள்ளியும் வரும் என்று அவர் எண்ணினார், வந்தது பார்க்கிங். மனம் கசந்து, மால்களுக்கு நான் தகப்பனில்லை என்று பின்னாளில் கைகழுவினார். நார்த்லேண்ட் 2015இல் மூடப்பட்டது.

மருமகன் என்னை இறக்கிவிட்டது ட்வெல்வ் ஓக்ஸ் மாலில். கடைகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தன. அதற்குள் குளிர்கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு முதியவர்கள் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். யாரும் எதையும் வாங்கவில்லை. எதிர்ப்பட்ட ஒரு பெரியவர் முதல் சுற்றில் தலையசைத்தார். அடுத்த சுற்றில் கையை உயர்த்தினார். நான்காவது சுற்றில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்ட என்னைப் பார்த்து, “அதற்குள் களைத்துவிட்டீர்களா?” என்று சிரித்துக்கொண்டே பக்கத்தில் அமர்ந்தார். க்ரூயன் தேடிய சதுக்கம் அந்த பெஞ்சளவுக்காவது இருந்தது.

திரும்பும்போது மடியில் பீட்ஸா பெட்டி, முழங்காலுக்கு இதமான சூடு.

மறுநாள் காலை மருமகன் கேட்கும் முன்பே, கார் சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.